ஏசி லோடு கணக்கு எங்கே சறுக்குகிறது?

சென்னையில் ஓர் அலுவலகக் கட்டடம். ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளின் மாடலில் லோடு ரிப்போர்ட் (அறைகளைக் குளிர்விக்கவோ சூடாக்கவோ எவ்வளவு திறன் வேண்டும் என்ற கணக்கு) எடுத்தால், ஹீட்டிங் லோடு கூலிங் லோடை எட்டிப் பிடிக்கிறது. சென்னை அலுவலகத்துக்கு ஹீட்டரே தேவையில்லை. அப்படியிருக்க அந்த எண் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஃபைலை அமெரிக்க டெம்ப்ளேட்டில் தொடங்கி, இடத்தை மாற்றாமலே விட்டிருப்பார்கள். கட்டடம் பாஸ்டனின் ஜனவரிக் குளிரில் நின்றுகொண்டிருக்கும்.

இந்த இடத்தில் பலர் செய்வது என்ன? ஆள் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைப்பார்கள், லைட்டிங்கைக் கொஞ்சம் கூட்டுவார்கள், டன் (ஏசியின் குளிர்விக்கும் திறனுக்கான அலகு) 'சரியாக' வரும்வரை தட்டிக்கொண்டே இருப்பார்கள். நான் பார்த்த தவறுகளில் இதுதான் மோசமானது. தப்பான எண்தான் நமக்குக் கிடைத்த தடயம், அதையே அழித்துவிடுகிறோம். மொத்த டன்னை விட்டுவிட்டு, சுவர், கூரை, கண்ணாடி, ஆட்கள், ஃப்ரெஷ் ஏர் (உள்ளே விடும் வெளிக்காற்று) என்று ரிப்போர்ட்டை வரி வரியாகப் பாருங்கள். எந்த வரி பூஜ்யம், எந்த வரி பூதாகரம் என்பதிலேயே பாதி விடை இருக்கும்.

சுவர் வரியே வரவில்லை, ஸ்பேஸ் (லோடு கணக்குக்காக மாடலில் அறையைக் குறிக்கும் பகுதி) மூடிய எல்லைக்குள் இல்லை என்று எச்சரிக்கையும் வருகிறது என்றால், ஆர்க்கிடெக்ட் மாடலை லிங்க் செய்தவர் அதன் டைப் ப்ராபர்ட்டீஸில் 'ரூம் பவுண்டிங்' டிக் போட மறந்திருப்பார். சுவர் கண்ணுக்குத் தெரியும், கணக்குக்குத் தெரியாது. கன அளவு வரவில்லையா? 'ஏரியாஸ் அண்ட் வால்யூம்ஸ்' தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது ஃபால்ஸ் சீலிங். இதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம், ஏனென்றால் எச்சரிக்கை எதுவும் வராது. ஸ்பேஸ் சீலிங்கோடு நின்றுவிட்டால், மேலே இருக்கும் மொட்டை மாடித் தளத்தை அது தொடவே தொடாது. கூரை வெயில் முழுவதும் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். 20 சதுர மீட்டர் அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெப்பத் தடுப்பு எதுவும் இல்லாத 150 மி.மீ. காங்கிரீட் தளத்துக்கு யூ மதிப்பு, அதாவது ஒரு சதுர மீட்டரில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு உள்ளே கடக்கும் வெப்பம், சுமார் 3 வாட். வெயிலையும் சேர்த்து வெப்பநிலை வித்தியாசம் 20 டிகிரி என்று வைத்தால், 20 × 3 × 20 = 1,200 வாட். ஒரு டன் என்பது 3,517 வாட். ஆக, ஒரே அறையில் ஒரு டன்னில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மேல்மாடி அறைக்கும் அதற்கு நேர்கீழே உள்ள அறைக்கும் ஒரே லோடு வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். சீலிங்குக்கு மேலே தனி ஸ்பேஸ் போட்டு, அதை 'பிளீனம்' (சீலிங்குக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட வெளி) என்று குறித்தால் கூரை திரும்பக் கணக்கில் சேரும்.

ஃப்ரெஷ் ஏரில் அலகுக் குழப்பம் அதிகம். நொடிக்கு 10 லிட்டர் என்பது சுமார் 21 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு கன அடி). 21 என்ற எண்ணை லிட்டர் கட்டத்தில் போட்டுவிட்டால் ஃப்ரெஷ் ஏர் லோடு இரண்டு மடங்குக்கு மேல் போகும். கடற்கரை ஊரில் இது லேசான தவறில்லை. ஒரு கிலோ காற்றுக்கு 10 கிராம் ஈரத்தை எடுக்க வேண்டியிருந்தால், அந்த 10 லிட்டருக்கே ஈரத்தால் மட்டும் சுமார் 300 வாட் ஆகும். வெளியே 37, உள்ளே 24 டிகிரி என்றால் வெப்பத்தால் வருவது சுமார் 160 வாட்தான்.

வடக்கு திசையையும் சரிபாருங்கள். ட்ரூ நார்த் (உண்மையான வடக்கு) அமைக்காமல் விட்டால் மேற்குக் கண்ணாடி வேறு பக்கம் திரும்பி, சாயங்கால வெயில் தப்பான அறையில் விழும்.

அப்புறம், ஒவ்வோர் அறையின் உச்ச லோடையும் கூட்டிச் சில்லர் (கட்டடம் முழுவதற்கும் குளிர்நீர் தரும் இயந்திரம்) வாங்காதீர்கள். கிழக்கு அறைக்குக் காலையில் உச்சம், மேற்கு அறைக்கு நாலு, ஐந்து மணிக்கு. அறையிலிருக்கும் யூனிட்டுக்கு அந்த அறையின் உச்சம் வேண்டும். சில்லருக்கு ஒரே நேரத்தில் கட்டடம் முழுக்க வரும் லோடுதான் வேண்டும்.

இதையெல்லாம் திருத்திய பிறகு, மேல்மாடி மேற்கு மூலை அறை ஒன்றைப் பேப்பரில் கையால் போட்டுப் பாருங்கள். அரைமணி நேர வேலைதான். மென்பொருளின் எண்ணோடு பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் வந்தால் மற்ற அறைகளுக்குப் போகலாம். வராவிட்டால், எந்த வரியில் பிரிகிறதோ அங்கிருந்து மறுபடியும் தேடுங்கள்.