பாரிட் சேற்றில் பிளாஸ்டிக் துகள் தேடும் முறை

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனை நாற்றுமேடையின் கறுப்புப் பாலிபேக்கும் உரச் சாக்கின் நாரும் வெயிலில் நொறுங்கி பாரிட்டில், அதாவது தோட்டத்து வடிகாலில், இறங்குகின்றன. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டை நுண்நெகிழி என்கிறோம். அதைச் சேற்றிலிருந்து பிரிக்கவும், எந்த மருந்து (பூச்சிமருந்து, களைக்கொல்லி) அதில் ஏறும் என்று கணிக்கவும் சமையலறைச் சாமான்களே போதும். எவ்வளவு ஏறியது என்று அளப்பதற்குத்தான் ஆய்வகம் வேண்டும்.

மருந்து அடித்த நாளில் பாரிட்டில் இறங்க வேண்டாம். எலிச்சிறுநீர்க் காய்ச்சல் அபாயம் எப்போதும் உண்டு. பூட்ஸும் கையுறையும் கட்டாயம். பருத்திச் சட்டையோடு போங்கள். பாலியெஸ்டர் ஜெர்சியிலிருந்து உதிரும் நூல் மாதிரிக்குள் விழுந்தால், பிறகு உங்கள் சட்டையைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பாரிட் வளைந்து வண்டல் தேங்கும் ஐந்து இடங்களில், மேல் 5 சென்டிமீட்டர் சேற்றை எவர்சில்வர் கரண்டியால் அள்ளி கண்ணாடி ஜாம் போத்தலில் கலந்துகொள்ளுங்கள்.

வெயிலில் காயவையுங்கள், காற்றில் தூசி விழாதபடி மேலே அலுமினியத் தாள் மூடி. அடுப்பில் வைத்தால் 60 டிகிரியைத் தாண்டக்கூடாது, துகள் சுருங்கிவிடும். கட்டிகளை விரலால் உடைத்து, 5 மில்லிமீட்டர் கண் சல்லடையில் சலித்து 100 கிராம் எடுங்கள்.

உப்புக் கரைசல்தான் முக்கியம். 1 லிட்டர் தண்ணீருக்கு 360 கிராம் உப்பு. முழுதும் கரைந்ததும் காப்பி வடிகட்டும் தாளில் வடியுங்கள், ஏனெனில் உப்பிலேயே பிளாஸ்டிக் இருக்கும். 100 மில்லியை நிறுத்தால் ஏறக்குறைய 120 கிராம் வரவேண்டும்; குறைந்தால் கரைசல் நீர்த்திருக்கிறது, துகள் மேலே வராது. சேற்றில் 300 மில்லி ஊற்றி இரண்டு நிமிடம் கிண்டி, ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். களிமண் சேறு என்றால் இரண்டு இரவு. பாலிதீன், பாலிப்ராப்பிலின், பாலிஸ்டைரீன், நைலான் மிதக்கும். தண்ணீர்ப் போத்தலின் பெட்டும் குழாயின் பிவிசியும் 1.3க்கு மேல் அடர்த்தி உள்ளவை, கரைசலோ 1.2தான்; அதனால் அடியிலேயே கிடக்கும். ஆக, மேலே ஒன்றும் வரவில்லை என்றால் சேறு சுத்தம் என்று அர்த்தமில்லை.

மேல் நீரைத் தாளில் வடித்து லென்ஸில் பாருங்கள். செம்பனை நாரும் மிதந்து வந்து ஆளை ஏமாற்றும். சூடான ஊசியால் தொட்டால் பிளாஸ்டிக் உருகிச் சுருளும், நார் கருகும். சேறு போடாமல் வெறும் கரைசலையும் இதே வழியில் ஒருமுறை வடியுங்கள். அதில் வந்த எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும்.

இனி மருந்து. வெள்ளைப் பாலிப்ராப்பிலின் டப்பாவிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை மஞ்சள்தூள் கலந்த சுடுநீரிலும் மற்றதை நீல உணவுச் சாயத்திலும் ஒருநாள் ஊறவைத்து சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நீலம் போய்விடும், மஞ்சள் நிற்கும். கறி டப்பா கறைபடுவதும் இதனால்தான்: தண்ணீரைப் பிடிக்காமல் எண்ணெயை நாடும் பொருள் பிளாஸ்டிக்குக்குள் ஏறிவிடும். டிடிடி, குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்துகளும், மருந்தல்லாத தொழிற்சாலை இரசாயனமான பிசிபியும் மஞ்சள் கட்சி. களைக்கொல்லியான கிளைபோசேட் நீலக் கட்சி, பாலிதீனில் அதிகம் ஏறாது. மலேசியாவில் 2020இல் தடைசெய்யப்பட்ட பாரகுவாட் களைக்கொல்லி வேறு ரகம்: நேர்மின்னேற்றம் கொண்டதால் களிமண்ணை இறுகப் பற்றும். பாரிட்டில் களிமண்ணும் மக்கிய இலையும் பிளாஸ்டிக்கைவிட மிக அதிகம். மருந்தில் பெரும்பங்கு அங்கேதான் போகும். பழியை எல்லாம் துகள் தலையில் போடுவது தவறு.

மஞ்சள் துண்டைச் சமையல் எண்ணெயில் துடைத்தால் நிறம் கொஞ்சம் கழன்று வரும். மீன் குடலின் செரிமான நீரிலும் இப்படித்தான் ஏறியது இறங்கும்.

ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் துகள்களைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, அலுமினியத் தாளில் மடித்து, இடமும் தேதியும் எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் நேராகப் போடக்கூடாது. துகளில் இருப்பதைப் பையும் பங்கு போட்டுக்கொள்ளும்.