மழைக்காலத்தில் ஏற்காடு: அறையைக் கீழே சேலத்தில் போடுங்கள், மலையைக் காலையிலேயே முடியுங்கள்

மழைக்காலத்தில் ஏற்காடு போகிறவர்கள் முதல் வேலையாக ஏரிப் பக்கம் ஓர் அறை பிடிப்பார்கள். சிக்கனமாகப் போய்வர நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டியது அதைத்தான். சனிக்கிழமை என்றாலே மலைமேல் வாடகை எகிறிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, நனைந்த துணி அங்கே காயவே காயாது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும், பல அறைகளில் ஃபேனும் இருக்காது. சேலம் புது பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஏசி இல்லாத சாதாரண அறை ஒன்று எடுத்துக்கொண்டால், ராத்திரி முழுக்க ஃபேனை ஓடவிட்டு பேன்ட், சாக்ஸ் எல்லாவற்றையும் காலைக்குள் உலர்த்திவிடலாம். ஷூ நனைந்திருந்தால் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள், படுக்கும் முன் ஒருமுறை தாளை மாற்றுங்கள்.

அங்கிருந்து மலை 30 கிலோமீட்டர்தான். விடிந்ததும் ஏறி, பிற்பகல் இரண்டு மணிக்குள் இறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்துவிட வேண்டும். சேலம் பக்கத்து மழைக்கு ஒரு வழக்கம் உண்டு: பகல் வெயிலில் தரை சூடேறி, மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு, சாயங்காலமும் ராத்திரியும் இடியோடு கொட்டும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை காலை நேரம் பல நாள் தூறலோடு போய்விடும். புயலோ காற்றழுத்தத் தாழ்வோ வந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

அதனால் வெள்ளிக்கிழமை மதியம் வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சேலத்துக்கு மஞ்சள் என்றால் போகலாம், ஆனால் அருவியைக் கணக்கில் வைக்காதீர்கள். ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை பெய்யக்கூடும் என்று பொருள், மலையை விட்டுவிடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. அடிவாரம் வழி அடைபட்டால் குப்பனூர் வழியாக இன்னொரு சாலை உண்டு என்றாலும், அதையும் மழை விட்டுவைக்கும் என்று சொல்ல முடியாது. சந்தேகமாக இருந்தால் 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

மலையைச் சனிக்கிழமைக்கே வையுங்கள். அன்று மழை கெடுத்தால் ஞாயிறு கையில் இருக்கும். தலைகீழாகத் திட்டமிட்டால் மாற்றிக்கொள்ள நாளே இருக்காது.

ஏற்காடு பஸ் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பி அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் சேர்கிறது. அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு புரட்டுகிறவர்கள் முன்பக்க இருக்கையில் உட்காருங்கள். மழைக்குக் கண்ணாடியை மூடிவிடுவதால் பின்பக்கம் இன்னும் மோசம். காலையில் இரண்டு இட்லி போதும், பூரி வேண்டாம்.

பைக்கில் போகிறவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும். கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைந்துகொண்டே முன் பிரேக்கைப் பிடித்தால், ஈர இலைமேல் சக்கரம் வழுக்கிவிடும். பனிமூட்டத்தில் லோ பீம் மட்டும் போடுங்கள். ஹை பீம் மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணையே கூச வைக்கும். மேலேறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலைச்சாலை முறை.

பஸ்ஸை விட்டு இறங்கி ஏரியருகே நின்றதும் ஆட்டோக்காரர்கள் 'இத்தனை பாயின்ட், இவ்வளவு ரூபாய்' என்று பட்டியல் சொல்வார்கள். மூட்டம் மூடிய நாளில் காட்சிமுனைகள் எல்லாம் ஒரே வெள்ளைச் சுவர்தான். அவற்றுக்குச் சேர்த்துப் பணம் கொடுப்பது வீண். முதலில் ஏரியையும் அண்ணா பூங்காவையும் நடந்தே பாருங்கள். மூட்டம் அலை அலையாக வந்து விலகும் நாள் என்று தெரிந்தால், லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைக்கு மட்டும் ஆட்டோ பேசுங்கள். அங்கே கொஞ்சம் பொறுமையாக நின்றால் திரை விலகிச் சேலம் நகரமே கீழே விரியும். காற்றும் மழையும் சேர்ந்தால் படகை நிறுத்திவிடுவார்கள் என்பதால், படகு ஆசை இருந்தால் அதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மலைக்காற்றில் குடை திரும்பிக்கொள்ளும், ரெயின்கோட்தான் சரி.

கிளியூர் அருவி தனிக் கதை. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே சுமார் 300 அடி விழுகிறது. ஆகவே நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் பார்க்கத் தோதான நேரம். கோடையில் போனால் பாறை மட்டும் தெரியும்; கொட்டும் மழையில் போனால் தடை போட்டிருப்பார்கள். இறங்கும் வழி செங்குத்து, கடைசிப் பகுதி பாசி பிடித்த பாறை. தேய்ந்த செருப்போடு இறங்காதீர்கள். பின்பக்கப் பட்டை உள்ள ரப்பர் சாண்டல் வேண்டும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ மேலே பெய்கிறது என்று அர்த்தம். போட்டோவை மறந்துவிட்டு உடனே கரையேறுங்கள்.

சேர்வராயன் கோயில் 1,600 மீட்டருக்கும் மேலே, மரமே இல்லாத திறந்த மேட்டில் இருக்கிறது. கோயிலே ஒரு குகைதான்; உள்ளே தலை குனிந்துதான் போக வேண்டும், தரை ஈரமாக இருக்கும். இடிச்சத்தம் காதில் விழுந்தால் மின்னல் உங்களையும் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். அந்தத் திடலில் நிற்காமல் மூடிய காருக்குள்ளோ பஸ்ஸுக்குள்ளோ போய் உட்காருங்கள்.

மிளகு வாங்குவதாக இருந்தால் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். காய்ந்தது 'படக்'கென்று உடையும். அமுங்கினால் ஈரம், வீட்டில் பூஞ்சை பிடித்துவிடும்.

சாயங்காலம் சேலத்தில் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், நறுக்கிய வெங்காயம், காரச் சட்னி, பச்சைச் சட்னி. மழை வலுத்தால் தள்ளுவண்டிகள் வராது, கடைகளைத் தேடிப் போங்கள். நின்ற இடத்திலேயே சாப்பிட வேண்டிய பண்டம் இது. பார்சல் கட்டினால் பத்தே நிமிடத்தில் ஊறிவிடும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வடை, காய், சட்னி மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். திருமணிமுத்தாறை ஒட்டிய தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றால் சாக்கடை மூடி எங்கே இல்லை என்று தெரியாது. ஓரமாக நடக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குச் சேலம் மாவட்டத்திலேயே உள்ள தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் போதும். அந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டிய கற்கோயில். பெரிய மண்டபம் இருப்பதால் வெளியே என்ன பெய்தாலும் தூண்களை நிதானமாகப் பார்க்கலாம். யாளி வாயில் உருளும், ஆனால் வெளியே எடுக்க முடியாத கல் உருண்டையையும், ராமன் நிற்கும் தூணிலிருந்து வாலி தெரிந்தும் வாலியிருக்கும் தூணிலிருந்து ராமன் தெரியாதபடி அமைத்திருப்பதையும் தவறவிடாதீர்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். ஒன்பது மணிக்குள் அங்கே இருங்கள். நகருக்குள் சுற்ற டவுன் பஸ்ஸே போதும், சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம்.

ஞாயிறு ராத்திரி சென்னை, பெங்களூரு வண்டிகள் நிரம்பி வழியும் என்பதால் திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, அறையைப் பிறகு போடுங்கள். ரயிலென்றால், ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். மழை நேரத்தில் ஐந்து ரோடு நெரிசலையும் சேர்த்து, பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.