குடும்பத்தில் ஒருவர் சிறை சென்றால்: அமெரிக்காவில் முதல் மாதமே செய்யவேண்டியவை

அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் குடும்பத்தின் நிகர சொத்து) சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்குச் சுமார் 44,900. சிறை விகிதமோ கறுப்பினத்தவரிடையே பல மடங்கு அதிகம். கையிருப்பு குறைந்த வீட்டில்தான் இந்த அடி அடிக்கடி விழுகிறது. அதைக் கடனாக வளரவிடாமல் தடுக்க முடியும். ஆனால் தேதி தவறக்கூடாது.

முதலில் ஜாமீன். தொகை 10,000 டாலர் என்றால், கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீனுக்குப் பொறுப்பேற்கும் முகவர் வழக்கமாக 10 சதவீதம், அதாவது 1,000 டாலர் வாங்குவார். வழக்கு தள்ளுபடியானாலும் அது திரும்பாது. நீதிமன்றத்திலேயே முழுத் தொகையையும் கட்டி, எல்லா வாய்தாவுக்கும் ஆஜரானால், பணம் திரும்பும். சில இடங்களில் கட்டணம் பிடிப்பார்கள். அதனால் தொகையைக் குறைக்கும் மனுவை வழக்கறிஞர் போட்டபிறகே முகவரிடம் போங்கள். வீட்டை ஈடாக எழுதிக்கொடுக்காதீர்கள்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது பிள்ளை பராமரிப்புத் தொகையில். பிரிந்து வாழும் பிள்ளைக்கு மாதம் 400 டாலர் கட்டவேண்டியவர் 3 ஆண்டு உள்ளே இருந்தால், பாக்கி 14,400. பல மாநிலங்களில் சிறைக்குப் போனதாலேயே இது நிற்காது. 1986 முதல் உள்ள மத்தியச் சட்டப்படி, மனு கொடுப்பதற்கு முந்தைய பாக்கியை நீதிபதியாலும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. ஒவ்வொரு மாதத் தாமதமும் நிரந்தரக் கடன். விடுதலைக்குப் பின் சம்பளத்தில் 65 சதவீதம் வரை பிடிக்கலாம்; ஓட்டுநர் உரிமமும் போகலாம். ஆகவே கைதான வாரத்திலேயே, தொகையைக் குறைக்கக் கோரும் திருத்த மனு அனுப்பி, பெற்றுக்கொண்ட முத்திரையுள்ள நகலை வைத்துக்கொள்ளுங்கள். 2016 மத்திய விதிப்படி சிறைவாசத்தை விரும்பி வேலையிழந்ததாகக் கருதக்கூடாது. மனுவில் இதைக் குறிப்பிடுங்கள்.

சிறையில் இருப்பவர் சார்பில் வீட்டார் செயல்பட, அவருடைய வங்கிக் கணக்கு, கார் உரிமை இரண்டையும் பெயர்சொல்லிக் குறிப்பிட்டு அதிகாரப் பத்திரம் எழுதுங்கள். உள்ளூர்ச் சிறையில் இருக்கும்போதே நோட்டரி கையெழுத்து வாங்குவது நல்லது. தொலைவுக்கு மாற்றிவிட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். அதற்குள் கார் கடன் தவணை தவறி, வண்டி பறிபோகும்.

அவர் அரசு உதவித்தொகை வாங்குபவரானால், அதை வழங்கும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அவர் சிறையில் இருப்பதை உடனே சொல்லுங்கள். சொல்லாமல் வாங்கிய பணம் கடனாகத் திரும்பிவரும். தண்டனைக்குப் பின் அவருடைய ஊனமுற்றோர் காப்பீட்டுத் தொகை நின்றாலும், அவர் கணக்கில் தகுதிபெற்ற மனைவி, பிள்ளைகளின் பங்கு நிற்காது.

உள்ளே அவருடைய செலவுக்கான சிறைக் கணக்கில் பணம் போடுமுன், அபராதத்துக்கு எத்தனை சதவீதம் கழிப்பார்கள் என்று கேளுங்கள். விடுதலைக்குப் பின் அபராதம் கட்ட இயலாவிட்டால் வாய்தாவைத் தவிர்க்கவேண்டாம். வருமானச் சீட்டு, வாடகை ரசீதுடன் ஆஜராகுங்கள்: வசதியில்லையா, வேண்டுமென்றே கட்டவில்லையா என்று விசாரிக்காமல் சிறைக்கு அனுப்பக்கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 1983 தீர்ப்பு.