குடிசையை மாற்றிக் கான்கிரீட் வீடு கட்ட அரசு மானியம்: முதல்முறை விண்ணப்பிப்போருக்கு

தமிழ்நாட்டில் கிராமத்தில் குடிசை வீட்டில் இருப்பவர்களையும், ஓட்டு வீடு இடிந்து விழும் நிலையில் இருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். படிவத்தை நிரப்புவது பெரிய வேலையே இல்லை. பட்டாவும் கைப்பணமும்தான் ஆளைத் திணறடிக்கும். மானியத் தொகை மொத்தமாகக் கைக்கு வந்துவிடும், அதை வைத்துக் கட்டலாம் என்று நினைத்துத்தான் பலர் இருக்கிற குடிசையைப் பிரித்துப் போடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு நிலையையும் கட்டிக் காட்டிய பிறகுதான் பணம் வரும். முழு விளக்கத்தையும் அதை வைத்தே படியுங்கள்.

1. எந்தத் திட்டம் உங்களுக்கானது?

குடிசையில் குடியிருக்கிறீர்கள், வேறு கான்கிரீட் வீடு கிடையாது என்றால் முதலில் கலைஞரின் கனவு இல்லத்தைக் கேளுங்கள். 2030-க்குள் 8 லட்சம் வீடு என்ற இலக்கோடு மாநில அரசு 2024-ல் அறிவித்த திட்டம் இது. ஒரு வீட்டுக்கு ரூ.3.50 லட்சம், குறைந்தது 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை என்று வகுத்தார்கள். மாட்டுக்கொட்டகை, கடை வைத்திருக்கும் குடிசை போன்றவை கணக்கில் வராது.

பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்துவது. சமவெளிப் பகுதியில் அடிப்படைத் தொகை ரூ.1.20 லட்சம். அதில் 60 விழுக்காடு, அதாவது ரூ.72,000, மத்திய அரசின் பங்கு. அந்தத் தொகையில் கான்கிரீட் கூரை போட முடியாது என்பதால் தமிழ்நாடு அரசு மேலும் ரூ.1.20 லட்சம் சேர்த்து ரூ.2.40 லட்சமாகத் தருகிறது. 2024-29 கட்டத்தில் இதன் தகுதி விதிகளைத் தளர்த்தியிருக்கிறார்கள். முன்பு பைக், ஃபிரிட்ஜ் இருந்தாலே பெயரை எடுத்துவிடுவார்கள். இப்போது அந்தத் தடை இல்லை. வீட்டில் ஒருவரின் மாத வருமான வரம்பும் ரூ.10,000-லிருந்து ரூ.15,000 ஆகியிருக்கிறது. பைக்கைக் காரணம் காட்டி முன்பு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கட்டாயம் மறுபடி கேளுங்கள்.

2000-01-க்கு முன் அரசுத் திட்டத்தில் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு சிதிலமாகிக் கிடந்தால், பழுதுபார்ப்புக்குத் தனித் திட்டம் வந்தது. பழுதுபார்க்கவே முடியாத வீடுகளை இடித்துக் கட்ட, 2025-26 பட்ஜெட்டில் முதல்வரின் வீடுகள் மறுகட்டுமானத் திட்டத்தை அறிவித்தார்கள். 25,000 வீடுகள், வீட்டுக்கு ரூ.2.40 லட்சம்.

நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கு வழி வேறு. அவர்களுக்கு 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0 இருக்கிறது. ஆண்டு வருமானம் ரூ.9 லட்சத்துக்குள் இருந்து, ரூ.35 லட்சத்துக்கு மிகாத வீட்டை வங்கிக் கடனில் வாங்கினால், ரூ.1.80 லட்சம் வரை வட்டி மானியம் ஐந்து தவணைகளில் கடன் கணக்கில் வரவாகும். கடன் ரூ.25 லட்சத்தைத் தாண்டக் கூடாது. நாட்டில் எங்கும் உங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது.

2. பட்டாவை இன்றைக்கே பாருங்கள்

பல விண்ணப்பங்கள் நின்றுபோவது இங்கேதான். வருவாய்த் துறையின் இணையவழிச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். கட்டணம் இல்லை. பெரும்பாலும் இறந்துபோன தாத்தா பெயரிலோ, சித்தப்பா, பெரியப்பா எல்லாருடைய பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாகவோ இருக்கும். "நாங்கதானே நாப்பது வருஷமா இங்க குடியிருக்கோம்" என்பது ஓவர்சியரிடம் (வேலையை அளந்து பார்க்கும் ஒன்றியப் பொறியியல் பணியாளர்) எடுபடாது.

தாத்தா பெயரில் இருந்தால் முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். பிறகு பங்காளிகள் கூடிப் பாகப்பிரிவினைப் பத்திரமோ, அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து உங்களுக்கு எழுதித்தரும் விடுதலைப் பத்திரமோ பதிவு செய்ய வேண்டும். அதைக் காட்டி உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். வெளியூரில் இருக்கும் பங்காளிகள் பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஊருக்கு வரும்போதே பேசி முடித்துவிடுவது நல்லது. வீடு ஒதுக்கியான பிறகு கையெழுத்துக் கேட்டுப் போனால் பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும். குடிசை புறம்போக்கில் இருந்தால், அது ஆட்சேபணையற்ற புறம்போக்கா (குடியிருக்க அரசு மறுப்புச் சொல்லாத இடமா) என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டு, வரன்முறைப்படுத்த வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அந்த இடத்தில் வீடு கிடைக்காது. வேறு இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்பதுதான் வழி.

3. பட்டியலில் பெயர்

இந்தத் திட்டங்களில் கணக்கெடுப்புப் பட்டியலில் இருந்துதான் பயனாளிகளை எடுக்கிறார்கள். ஊராட்சி செயலரிடம் போய் உங்கள் பெயர் எந்தப் பட்டியலில், எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு எழுதி, கையொப்பமிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சபை கூடும் நாள்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பயனாளிகள் பட்டியலை அங்கே வாசிக்கும்போது நீங்கள் நேரில் இருக்க வேண்டும். தகுதி இருந்தும் பெயர் விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். கேட்பதற்கு நமக்கு முழு உரிமை இருக்கிறது, தயங்க வேண்டாம்.

4. வொர்க் ஆர்டர் (வீடு கட்ட உத்தரவு) வந்ததும்

ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர் என்றால் இப்போதே திருத்துங்கள். பிரதமரின் ஊரகத் திட்டத்தில் வீட்டைப் பெண் பெயரிலோ கணவன், மனைவி கூட்டாகவோ ஒதுக்குவதுதான் முன்னுரிமை.

100 நாள் வேலை அட்டையையும் எடுத்து வையுங்கள். கனவு இல்லத்தின் ரூ.3.50 லட்சத்தில் மாநில அரசு நேரடியாகத் தருவது ரூ.3.10 லட்சம்தான். மீதி, உங்கள் வீட்டு வேலைக்கு 100 நாள் வேலைத் திட்டம் தரும் 90 நாள் கூலியும், கழிப்பறைக்கான ரூ.12,000-மும் என்றுதான் தொடக்கத்தில் கணக்குப் போட்டார்கள். அட்டை இல்லாதவர்கள் அந்தக் கூலியை விட்டுவிடுகிறார்கள். எந்த ஆண்டில் ஒதுக்கீடு பெறுகிறீர்களோ அந்த ஆண்டு அரசாணைப்படி தொகை எவ்வளவு என்று ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. கட்டும்போது பணம் எப்படி ஓடும்?

கனவு இல்லத்தில் தரைமட்டம், ஜன்னல் மட்டம், கூரை, வேலை முடிந்த நிலை என நான்கு தவணை. ஒவ்வொரு நிலையிலும் ஓவர்சியர் வந்து அளந்து, நீங்கள் வீட்டின் முன் நிற்க செல்போனில் படம் எடுத்துப் பதிவேற்றுவார். அதற்குப் பிறகுதான் பில் நகரும். சிமெண்டும் கம்பியும் அரசு வழியாக வாங்கினால் அந்த விலையைத் தவணையில் கழித்துக்கொள்வார்கள்.

ஆகவே வானம் தோண்டுவதிலிருந்து தரைமட்டம் வரை முழுச் செலவும் உங்கள் கைக்காசு. அது கையில் இல்லாமல் குடிசையைப் பிரிக்காதீர்கள். மனையில் இடம் இருந்தால் குடிசையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வானம் தோண்டலாமா என்று ஓவர்சியரிடம் கேளுங்கள். இடம் இல்லையென்றால் தை, மாசியில் தொடங்குங்கள். ஐப்பசி அடைமழையில் தார்ப்பாயின் கீழ் குழந்தைகளோடு கிடக்கும் குடும்பங்களைப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்த நெருக்கடி கூரை போடும் நாள். சென்ட்ரிங் வாடகை, கம்பி கட்டும் கூலி, ஜல்லி, எம்-சாண்ட், மிக்சர் மெஷின், இருபது பேருக்குச் சாப்பாடு என எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். ஜன்னல் மட்டத் தவணை கணக்கில் ஏறிய பிறகு கூரைக்குத் தேதி குறியுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதைக் கொத்தனாரிடம் விடாமல் நீங்களே பாருங்கள்.

அளவைப் பெரிதாக்க வேண்டாம். 18-க்கு 20 அடி போட்டால் 360 சதுர அடி வந்துவிடும். "இன்னும் ஒரு ரூம் சேர்த்துப் போட்டுடலாம்" என்று கொத்தனார் சொல்வார், சொந்தக்காரர்களும் சொல்வார்கள். கூரை ஏறாமல் லிண்டலோடு (ஜன்னல் மட்டத்தோடு) நிற்கும் வீடுகள் பல அப்படி நின்றவைதான். மாடிப்படிக்கு மட்டும் இடம் விட்டு வையுங்கள், பின்னால் கட்டிக்கொள்ளலாம். பிரதமரின் ஊரகத் திட்டத்தில் விரும்பினால் ரூ.70,000 வரை வங்கிக் கடன் பெற வழி உண்டு. வட்டிக்கு விடுபவரிடம் போவதற்கு முன் அதைக் கேளுங்கள். வீட்டை மொத்தமாகக் கான்ட்ராக்டரிடம் ஒப்படைக்க அந்தத் திட்டத்தில் அனுமதி இல்லை.

6. தவணை வராவிட்டால்

படம் ஏற்றியாயிற்றா, பில் எந்த மேசையில் இருக்கிறது என்று முதலில் ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள், அல்லது 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பில் போட யாராவது காசு கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லலாம். வொர்க் ஆர்டர் நகல், ஒவ்வொரு நிலையிலும் தேதியோடு நீங்களே எடுத்த படம், வங்கிப் புத்தகம் மூன்றும் கையில் இருக்கட்டும். கடைசித் தவணை வந்ததும் ஊராட்சியில் வீட்டு வரி போடச் சொல்லி ரசீது வாங்குங்கள், மின் இணைப்புக்கு அது தேவைப்படும்.