பிறவிக் காது கேளாமை: உட்செவிக் குறையைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறந்த குழந்தைக்குச் செய்யும் ஓ.ஏ.இ. என்ற கேள்திறன் பரிசோதனையில் ‘பாஸ்’ என்று வந்துவிட்டால், காதில் எந்தக் குறையும் இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. அந்தக் கருவி சோதிப்பது காக்ளியாவில் (உட்செவியின் நத்தைச்சுருள் பகுதி) உள்ள வெளி மயிர்ச் செல்களை மட்டுமே. ஒலி உள்ளே போனதும் அவை திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியை அது பதிவு செய்கிறது. அங்கிருந்து நரம்பு வழியாகச் செய்தி மூளைத்தண்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை அது பார்ப்பதில்லை. செவி நரம்பே உருவாகாத குழந்தைகூட இதில் தேறிவிடக்கூடும். அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்கும், மஞ்சள் காமாலை முற்றி ரத்தம் மாற்றப்பட்ட குழந்தைகளுக்கும் செய்தி மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை கட்டாயம். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கு. “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று காத்திருப்பதில் வீணாவது மொழி பதியும் காலம்.

அடுத்தது ஸ்கேன். பிறவியிலேயே உட்செவிக் கேளாமை உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் எலும்பு அமைப்பில் குறை தெரியும். மற்றவர்களுக்குக் கோளாறு சவ்விலோ செல்லிலோ இருக்கும், சி.டி. படம் சுத்தமாக வரும். பிறவிக் கேளாமைக்குப் பெரிய காரணமான ஜிஜேபி2 மரபணுப் பிழையில் காதின் வடிவம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆகவே ‘சி.டி. நார்மல்’ என்பதற்கு ‘காது நார்மல்’ என்று பொருள் கொள்ளக் கூடாது.

நரம்பைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். ‘மூளை எம்.ஆர்.ஐ.’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் கிடைக்கும் தடித்த வெட்டுகளில் செவி நரம்பு தெரியாது. உட்செவிக் கால்வாய்க்குக் குறுக்கே சாய்வாக, மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டுகளில் டி2 படம் வேண்டும் என்று கேட்டு எழுத வேண்டும். அதில் நான்கு நரம்புகள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும். முன்புறம் கீழே இருப்பது செவி நரம்பு. அது இல்லாத காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் (செவி நரம்பை மின்முனையால் தூண்டும், அறுவையில் பொருத்தும் கருவி) வைத்துப் பயன் எதிர்பார்ப்பது கடினம்.

அறிக்கையில் எந்தக் குறையைக் கண்டாலும் ‘மொண்டினி’ என்று எழுதும் பழக்கம் கெடுதலானது. கார்லோ மொண்டினி 1791இல் விவரித்தது ஒன்றரைச் சுற்று மட்டுமே கொண்ட காக்ளியா, விரிந்த முன்கூடம் (உட்செவியின் நடு அறை), அகன்ற வெஸ்டிபுலர் நீர்க்குழாய் (அந்த அறையிலிருந்து செல்லும் எலும்புக் குழாய்) ஆகியவை சேர்ந்திருந்த ஒரு காது. இயல்பான காக்ளியாவில் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று இருக்கும். செனரோக்லு, சாட்சி இருவரும் 2002இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இது ‘முழுமையற்ற பிரிவு, இரண்டாம் வகை’. இதில் இம்ப்ளான்ட் பெரும்பாலும் நல்ல பலன் தரும். முதல் வகையில் காக்ளியா நடுத்தண்டு இல்லாத வெற்று அறை. அறுவையின்போது மூளைத்தண்டுவட நீர் பீறிடலாம், மின்முனை வழி தவறி உட்செவிக் கால்வாய்க்குள்ளும் போகலாம். மின்முனையைத் தேர்ந்தெடுப்பதும், அறுவை மேசையிலேயே எக்ஸ்ரே எடுத்து இடத்தை உறுதிசெய்வதும் இந்த வகையைப் பொறுத்தவை.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு கேள்திறன் வரைபடமான ஆடியோகிராமைப் படிப்பதில் நடக்கிறது. காற்றுவழிக் கேள்திறனுக்கும் எலும்புவழிக் கேள்திறனுக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் பழி உடனே நடுச்செவி மேல் விழுகிறது. செவிப்பறை நன்றாக இருக்கிறது, செவிப்பறையின் அசைவைக் காட்டும் டிம்பனோகிராமும் இயல்பு, ஆனால் தாழ்ந்த சுருதிகளில் மட்டும் இடைவெளி என்றால் உட்செவியைச் சந்தேகிக்க வேண்டும். உட்செவிச் சுவரில் இயல்பை மீறிய ஒரு திறப்பு இருந்தால் ஒலியின் ஆற்றல் அதன் வழியே சிதறும். அதனால் இந்த இடைவெளி தோன்றும். இதை அறியாமல் ‘காதில் நீர்’ என்று செவிப்பறையில் குரோமெட் குழாய் வைப்பது வீண் வேலை. நடுச்செவியின் சிறு எலும்பான அங்கவடி இறுகிவிட்டது என்று நினைத்து அதைத் திறப்பதோ பேராபத்து. பிஓயு3எஃப்4 மரபணுப் பிழையால் வரும் ‘முழுமையற்ற பிரிவு, மூன்றாம் வகை’க் குறை ஆண் குழந்தைகளைத் தாக்குவது; அங்கே அங்கவடியின் அடித்தட்டைத் திறந்த கணமே மூளைத்தண்டுவட நீர் பீறிடும், மிச்சமிருந்த கேள்திறனும் போய்விடலாம். அங்கவடித் தசையின் அனிச்சை இன்னும் இயங்குகிறதா என்பது முன்கூட்டியே கிடைக்கும் நல்ல துப்பு; இயங்கினால் அங்கவடி இறுகவில்லை என்று பொருள். சிறுவயது முதலே கலப்பு வகைக் கேளாமை உள்ள பையனுக்கு சி.டி. பார்க்காமல் அங்கவடியில் கை வைக்கவே கூடாது.

வெஸ்டிபுலர் நீர்க்குழாய் நடுவில் 1.5 மி.மீ.க்கு மேல் அகன்றிருக்கும் குழந்தை பிறந்தபோது நன்றாகக் கேட்டிருக்கலாம். பிறகு தலையில் லேசாக அடிபட்டாலும் படிப்படியாகக் கேள்திறன் இறங்கும். முட்டிமோதும் விளையாட்டுகளும் ஆழ்நீர் மூழ்கலும் இவர்களுக்கு வேண்டாம். எஸ்எல்சி26ஏ4 மரபணுப் பிழை இருந்தால் தைராய்டையும் வளர்ந்த பிறகும் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

மூளைக்காய்ச்சல் இரண்டாம் முறை வந்த குழந்தைக்குக் காதைச் சோதிக்காமல் விடக் கூடாது. உட்செவிக் குறை வழியாகக் கிருமி மூளையுறைக்குள் போயிருக்கலாம், ஒரு காது கேளாதது யாருக்கும் தெரியாமலேயே இருந்திருக்கலாம். இம்ப்ளான்ட் வைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே வயதுக்குரிய நிமோகாக்கல் தடுப்பூசிகளை முடித்துவிட வேண்டும். மயக்க மருந்து தருவதற்கு முன் இ.சி.ஜி. எடுத்துக் கியூ.டி. இடைவெளியைப் (இதயத் துடிப்பின் ஒழுங்கைக் காட்டும் ஓர் அளவு) பார்ப்பதும் அவசியம். ஜெர்வெல்–லாங்கே நீல்சன் நோய்க்குறியில் பொட்டாசியம் வாயில் பழுதுபட்டுக் காதும் கேட்காது, இதயத் துடிப்பும் திடீரெனத் தடம் புரளும். காது கேளாத குழந்தை அழும்போதோ ஓடும்போதோ மயங்கி விழுந்தால் அதை வலிப்பு என்று மட்டும் முடிவுகட்டிவிட வேண்டாம்.

‘சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்தது’ என்று தேடலை நிறுத்துவது நம் ஊரில் அதிகம். ஜிஜேபி2, எஸ்எல்சி26ஏ4 போன்றவற்றுக்கு அது பொருந்தும். பிஓயு3எஃப்4 பிழையோ பெரும்பாலும் தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் வருவது. கர்ப்பத்தில் தாக்கும் சைட்டோமெகலோ வைரஸுக்கும் உறவுமுறைத் திருமணத்துக்கும் தொடர்பே இல்லை. அந்த வைரஸைக் கண்டறியக் குழந்தை பிறந்த 21 நாளுக்குள் சிறுநீரோ உமிழ்நீரோ எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு வைரஸ் தென்பட்டாலும், அது கருவிலேயே தொற்றியதா, பிறந்தபின் தாய்ப்பால் வழி வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.