பின்பாக்கெட்டில் அடங்கும் மழை ஜாக்கெட்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ரோடு பைக்கில், அதாவது தார்ச்சாலைக்கான இலகுவான சைக்கிளில், ஏறி முடித்து, டீயும் பஜ்ஜியும் ஆனதும் இறங்கத் தொடங்கினேன். ஏறும்போது வியர்வையில் ஊறிய ஜெர்சி இன்னும் காயவில்லை. முதல் சில வளைவுகளிலேயே மழை பிடித்துக்கொண்டது. பத்து கிலோமீட்டர் போவதற்குள் விரல்கள் விறைத்துவிட்டன. பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறேன் என்பதே கைக்குத் தெரியவில்லை. வழியில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்கார அக்கா என் நடுக்கத்தைப் பார்த்துவிட்டுப் பழைய செய்தித்தாள் நாலைந்தை எடுத்துக் கொடுத்தார். "நெஞ்சுக்கு வச்சுக்கப்பா, காத்து ஏறாது" என்றார். அதை ஜெர்சிக்குள் செருகிக்கொண்டுதான் கீழே வந்து சேர்ந்தேன்.

அன்று ஜாக்கெட் என்று ஒன்று என்னிடம் இல்லாமல் இல்லை. நல்ல விலை கொடுத்து வாங்கியது வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சைக்கிள் ஜெர்சியின் முதுகில் இருக்கும் பின்பாக்கெட்டில் அடங்காத தடிமன் என்பதால், காலையில் வானம் வெளுத்திருந்ததைப் பார்த்து விட்டுவிட்டு வந்திருந்தேன். அதன்பிறகு மூன்று ஜாக்கெட் மாற்றியாயிற்று. நான் செய்த தவறுகளையும், கூட ஓட்டும் நண்பர்கள் செய்யப் பார்த்த தவறுகளையும்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். ஜாக்கெட் போட்டால் நனையாமல் ஓட்டலாம் என்று நம்பிக் கடைக்குப் போகிறோம். மணிக்கணக்கில் மிதிக்கும் உடம்பு எப்படியும் நனையும்; மழை விட்டாலும் வியர்வை விடாது. நனைந்த உடம்பின் மேல் காற்று அடிக்காமல் தடுத்து, சூட்டைக் காப்பாற்றுவதுதான் சைக்கிள் ஜாக்கெட்டின் வேலை. அந்த வேலை பெரும்பாலும் இறக்கத்தில் வருகிறது. ஏறும்போது உடம்பே அடுப்பு. இறங்கும்போது மிதிப்பு நின்றுவிடும், வேகம் 40, 45 என்று போகும், ஈர ஜெர்சி காற்றில் குளிர்ந்துகொண்டே இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம்; மேட்டுப்பாளையத்தைவிட அங்கே ஒன்பது பத்து டிகிரி குறைவாக இருப்பது சாதாரணம்.

சைக்கிள் பந்தய வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. 1988 ஜூன் 5, இத்தாலியின் பல நாள் சைக்கிள் பந்தயமான ஜிரோ (Giro d'Italia), 2,621 மீட்டர் உயரமுள்ள காவியா கணவாய். பனி கொட்டிக்கொண்டிருந்தது. நெதர்லாந்தின் யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு முதல் ஆளாக உச்சியைத் தொட்டார். இறக்கத்தில் குளிர் தாங்காமல் நின்றுவிட்டார். கடைசியில் ஏறக்குறைய 47 நிமிடம் பிந்தித்தான் முடித்தார். அமெரிக்கர் ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணியோ அன்று காலையே பனிச்சறுக்குக் கடைகளில் கம்பளித் துணிகளை வாங்கி, மேலே கொடுக்க ஏற்பாடு செய்திருந்தது. அன்று தலைமை இடத்தைப் பிடித்த ஹாம்ப்ஸ்டன் அந்த ஆண்டு ஜிரோவையே வென்றார். ஏற்றத்தில் வான் டெர் வெல்டே யாருக்கும் இளைத்தவர் இல்லை. உச்சியில் போட்டுக்கொள்ளத் துணி வேண்டியிருந்தது.

அட்டையில் இருக்கும் எண்களை மட்டும் பார்ப்பது

ஜாக்கெட் அட்டையில் 10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். துணியின் மேல் தண்ணீர் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், எவ்வளவு உயரத் தண்ணீருக்குத் துணி கசிகிறது என்று பார்க்கும் சோதனை அது. 10,000 என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணைத் துணி தாங்குகிறது என்று பொருள். மழைத்துளி அந்த அழுத்தத்துக்குப் பக்கத்தில்கூட வராது. கனமான பை தோளில் அழுத்தினாலோ, ஈரத்தில் உட்கார்ந்தாலோதான் அதிக எண் தேவைப்படும். ரோடு பைக்கில் இரண்டும் இல்லை. 20,000-க்காகக் கூடுதல் பணமும் கூடுதல் எடையும் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தண்ணீர் வருவது துணி வழியாக இல்லை. கழுத்து, மணிக்கட்டு, ஜிப், தையல் வழியாக வருகிறது. அதனால் ஜாக்கெட்டை உள்புறம் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு தையலின் மேலும் பட்டையாக டேப் ஒட்டியிருக்க வேண்டும். டேப் இல்லையென்றால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அது சாரலைத் தாங்கும் காற்றுத் தடுப்பு ஜாக்கெட்தான். அரை மணி நேர மழையில் தோள் தையல் ஊறிவிடும். ஜிப்புக்குப் பின்னால் ஒரு துணி மடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இறங்கும்போது மழை நேராக நெஞ்சில்தான் அடிக்கும்.

அடுத்த எண், துணி "மூச்சு விடும்" அளவு. ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஆவி வெளியேறும் என்ற கணக்கு. 20,000 கிராம் என்றால் மணிக்கு 830 கிராம் வருகிறது. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் கடுமையாக மிதித்தால் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை சாதாரணம். உடம்பு செலவழிக்கும் சக்தியில் கால் பங்குக்கும் குறைவுதான் பெடலுக்குப் போகிறது, மிச்சம் அத்தனையும் சூடு. அப்புறம், அந்த 830 கிராம் ஆய்வகக் கணக்கு. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு முறையில் சோதிப்பதால், இரண்டு கம்பெனி எண்களை அருகருகே வைத்து ஒப்பிடவே முடியாது.

நம் ஊருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆவியை வெளியே தள்ளுவது, உள்ளே இருக்கும் ஆவி அழுத்தத்துக்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஐரோப்பாவில் 6 டிகிரிக் குளிர் மழையில் வெளிக்காற்றில் ஆவி மிகக் குறைவு, அதனால் வித்தியாசம் பெரிது. கார்த்திகை மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த வித்தியாசம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஜாக்கெட் துணிக்குள் மழையைத் தடுத்து ஆவியை மட்டும் விடும் சவ்வு ஒன்று இருக்கும்; எவ்வளவு விலை கொடுத்த சவ்வும் அங்கே திணறும். இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

எனவே என் கருத்து இது: சென்னையிலோ தஞ்சாவூரிலோ பகலில் மட்டும் ஓட்டுபவருக்கு மழை ஜாக்கெட்டே வேண்டாம். நனைந்தபடி ஓட்டுங்கள், போனை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். கையில்லாத மெல்லிய காற்றுத் தடுப்பு மேலாடை ஒன்று கைவசம் இருந்தால் போதும். ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு என்று மலை ஏறுபவர்களுக்கும், இரவு முழுக்க ஓட வேண்டிய பிரெவே எனும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களில் கலந்துகொள்பவர்களுக்கும் ஜாக்கெட் அவசியம். விடியற்காலை மூன்று மணிக்கு மழையில் நின்று பஞ்சர் ஒட்டும்போது சமவெளியிலும் குளிரும்.

நிமிர்ந்து நின்று அளவு பார்ப்பது

கடைக் கண்ணாடி முன்னால் நேராக நின்று போட்டுப் பார்க்கிறோம்; கச்சிதமாக இருக்கிறது என்று வாங்கிவிடுகிறோம். சைக்கிளில் உட்கார்ந்தால் முதுகு வளையும், கைகள் முன்னால் நீளும். சட்டைக் கை மணிக்கட்டை விட்டு இரண்டு விரற்கடை மேலே ஏறிவிடும், இடுப்புக்குப் பின்னால் ஒரு சாண் வெளியே தெரியும். டயர் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர் சரியாக அங்கேதான் வந்து விழும். கடையில் சைக்கிள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மேசை விளிம்பைப் பிடித்துக் குனிந்து நின்று பாருங்கள். அந்த நிலையில் கை மணிக்கட்டை மூட வேண்டும், பின்பகுதி புட்டத்தின் மேல்பாதி வரை வர வேண்டும், முன்பகுதி வயிற்றில் சுருண்டு மடியக் கூடாது. நின்று பார்க்கும்போது முன்பக்கம் குட்டையாகவும் நெஞ்சில் இறுக்கமாகவும் தெரிகிற ஜாக்கெட்தான் பெரும்பாலும் சைக்கிளில் சரியாக உட்காரும்.

இணையத்தில் வாங்கினால் கூடுதல் கவனம் வேண்டும். உள்ளே துணி போட இடம் வேண்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக எடுப்பார்கள். இறக்கத்தில் அது பாய்மரம் மாதிரி படபடவென்று அடிக்கும். காது வலிக்கும், காற்று உள்ளே புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும், பக்கக் காற்றில் வண்டியும் ஆடும். மோட்டார் பைக் ஓட்டுபவர்கள் போடும் தடித்த ரெயின்கோட்டைச் சைக்கிளுக்குப் போடக் கூடாது என்பதற்கும் இதுவே முதல் காரணம். மலையிறக்கத்தில் அது ஆபத்து.

இன்னொன்று: போட்டுப் பார்க்கும்போது ஜெர்சியின் பின்பாக்கெட்டில் போன், பம்ப், இரண்டு வாழைப்பழம் இருக்கட்டும். வெறும் முதுகுக்குப் பொருந்துவது நிரம்பிய முதுகுக்குப் பொருந்தாது.

மடித்துப் பார்க்காமல் வாங்குவது

என்னுடைய தவறு இதுதான். "சுருட்டி வைக்கலாம்" என்று எல்லா ஜாக்கெட்டிலும் எழுதியிருக்கும். சுருட்டினால் தேங்காய் அளவு வந்தால் என்ன பயன்? பின்பாக்கெட் மூன்றில் ஒன்றில், பக்கத்தில் சாப்பாட்டுக்கும் இடம் விட்டு, அது அடங்க வேண்டும். கடையிலேயே சுருட்டி, போட்டிருக்கும் ஜெர்சியில் செருகிப் பாருங்கள். 100 முதல் 200 கிராமுக்குள் இருப்பவை பெரும்பாலும் அடங்கும். 300 கிராம் தாண்டினால் வீட்டில்தான் இருக்கும். எடை குறையக் குறைய ஜாக்கெட் நீடித்து உழைப்பதும் குறையும் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். எனக்கு 150 கிராம் சொச்சம் சரியாக இருக்கிறது. இரண்டாவது பாட்டில் கூண்டில் ஒரு பழைய பாட்டிலைக் கழுத்தில் வெட்டி, அதில் ஜாக்கெட்டைத் திணித்து வைக்கும் வழக்கமும் உண்டு. நெடுந்தூரத்துக்கு நல்ல வழி.

எடையைக் குறைக்கும் வழிகளில் ஒன்று, உள்பக்கத் துணியை எடுத்துவிடுவது. வெளித்துணி, சவ்வு, உள்துணி என்று இருந்தால் மூன்று அடுக்கு. உள்துணிக்குப் பதிலாகச் சவ்வின் மேல் மெல்லிய அச்சு மட்டும் இருந்தால் இரண்டரை அடுக்கு. விலையும் எடையும் குறைந்தவை பல இரண்டரை அடுக்குதான். அரைக்கை ஜெர்சிக்கு மேல் அதைப் போட்டால் வெறுங்கையில் ஈரப் பிளாஸ்டிக் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஜாக்கெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளே மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டி மேலே வரும் தனிக் கைத்துணியை (ஆர்ம் வார்மர்) போட்டுக்கொண்டால் தொல்லை தீர்ந்தது.

இன்னும் துணிந்து, வெளித்துணியையே எடுத்துவிட்டது கோர் நிறுவனத்தின் ஷேக்ட்ரை. சவ்வே வெளியே இருக்கும். உதறினால் தண்ணீர் போய்விடும். நூறு சொச்சம் கிராமில் அது செய்த வேலையை இன்றும் ஆட்கள் பேசுகிறார்கள். ஆனால் முதுகுப்பை உரசினால் தாங்காது. இப்போது அதன் உற்பத்தி நின்றுவிட்டது. பழையது எங்காவது கிடைத்தால் தோள்பட்டையைச் சோதித்து வாங்குங்கள்.

நிறத்துக்கு ஒரு வார்த்தை. கறுப்பு வேண்டாம். மழை நேரச் சாலையில் லாரி ஓட்டுநரின் கண்ணாடியும் மங்கலாகத்தான் இருக்கும். மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்கள். நீண்ட பின்பகுதி உங்கள் பின்விளக்கை மூடுகிறதா என்றும் பாருங்கள்.

துவைக்கப் பயப்படுவது

புதிய ஜாக்கெட்டில் மழைத்துளி தாமரை இலைத் தண்ணீராக உருளும். வெளித்துணியில் பூசிய நீர்விலக்கிப் பூச்சின் வேலை அது. ஆறு மாதத்தில் உருளுவது நின்று, துணி நனைந்து கருத்துவிடும். ஜாக்கெட் ஒழுகுகிறது என்று தூக்கிப் போடுகிறார்கள். உண்மையில் சவ்வு நன்றாகவே இருக்கும். வெளித்துணி ஊறியதால் ஆவி வெளியேற வழியில்லை, உள்ளே வியர்வை தேங்குகிறது, அவ்வளவுதான்.

முன்பு இந்தப் பூச்சில் புளோரின் சேர்ந்த வேதிப்பொருட்கள் இருந்தன. அவை மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுவதால் பல நாடுகள் கட்டுப்படுத்துகின்றன. கலிபோர்னியா 2025 முதல் பெரும்பாலான துணிகளில் தடை செய்துவிட்டது. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். புளோரின் இல்லாத புதிய பூச்சுகள் தண்ணீரை விலக்கும், எண்ணெயை விலக்காது. வியர்வை எண்ணெய், சன்ஸ்கிரீன், செயின் கிரீஸ் எல்லாம் எளிதாகப் படியும். எனவே இப்போதைய ஜாக்கெட்டை முன்பைவிட அடிக்கடி துவைக்க வேண்டும்.

மென்மையான திரவ சோப்பு போதும். வாசனைக்காகப் போடும் கண்டிஷனர் மட்டும் கூடவே கூடாது. அது துணியில் படிந்து நீரை இழுக்கும். நன்றாக அலசி, நிழலில் உலர்த்தி, பிறகு சூடு காட்டினால் பூச்சு மறுபடி உயிர் பெறும். நம் வீடுகளில் உலர்த்தும் இயந்திரம் அரிது. இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, இடையே பருத்தித் துண்டு விரித்து மெதுவாகத் தேய்க்கலாம். அதற்குமுன் உள்ளே தைத்திருக்கும் பராமரிப்புக் குறிப்பில் இஸ்திரிக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

போடும் விதத்திலும் ஒரு எச்சரிக்கை. தொலைக்காட்சியில் பந்தய வீரர்கள் இரு கைகளையும் விட்டு ஓட்டிக்கொண்டே ஜாக்கெட் மாட்டுவதைப் பார்த்து நாமும் முயலக் கூடாது. காற்றில் பறக்கும் ஜாக்கெட் கை சக்கரத்தில் சிக்கினால் என்னாகும் என்பதை ஒரு நண்பரின் தோளெலும்பு முறிவில் பார்த்திருக்கிறேன். உச்சியில் நின்று, நடுக்கம் வருவதற்கு முன்பே போட்டு, கழுத்துவரை ஜிப்பை ஏற்றிவிட்டு இறங்குங்கள். மறுபடி ஏற்றம் வந்தால் முதல் நூறு மீட்டருக்குள் ஜிப்பைத் திறந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஈர ஜாக்கெட்டை அப்படியே பையில் சுருட்டி வைப்பதுதான் அதன் ஆயுளைக் குறைக்கிறது. சவ்வு பலவற்றிலும் பாலியூரித்தேன் இருக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சிதையும். பீரோவில் பல வருடம் கிடந்த ஷூவின் அடி ஒருநாள் பொடியாக உதிருமே, அதே சங்கதிதான். முதலில் உள்பக்கம் பிசுபிசுக்கும், பிறகு வெள்ளைச் செதில்களாகக் கொட்டும், டேப் பட்டைகள் கழன்று தொங்கும். அந்த நிலைக்கு வந்த ஜாக்கெட்டைச் சரிசெய்ய வழியில்லை. உதறி, மின்விசிறிக் காற்றில் இரண்டு பக்கமும் காய விட்டு, சுருட்டாமல் ஹேங்கரில் மாட்டி வையுங்கள். அடுத்த சனிக்கிழமை இரவு சுருட்டிக்கொள்ளலாம்.