கல்லூரி உடற்கல்வித் துறையைப் போட்டிக் கல்லூரிகளோடு ஒப்பிட்டு அளப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் ஆண்டு விழா நெருங்கும்போது உடற்கல்வி இயக்குநரிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இந்த ஆண்டு எத்தனை கோப்பை? விடை ஓர் எண்ணாக ஆண்டறிக்கையில் ஏறிவிடும். ஆறு அணிகள் மட்டுமே வந்த போட்டியில் கிடைத்த கோப்பையும், முப்பது அணிகளுக்கு நடுவே போராடிப் பெற்ற கோப்பையும் அந்த எண்ணுக்குள் ஒரே எடையாகிவிடுகின்றன. கோப்பை இல்லாமல் திரும்பிய நல்ல அணியோ கணக்கிலேயே வருவதில்லை. ஒரு நோட்டும் கால்குலேட்டரும் இருந்தால் இதைவிட நேர்மையான கணக்கை எவரும் எழுதிவிடலாம்.

முதலில் யாரோடு ஒப்பிடுவது என்பதை முடிவு செய்ய வேண்டும். பக்கத்தில் இருக்கும் கல்லூரிதான் போட்டிக் கல்லூரி என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது பல நேரம் தவறாகப் போய்விடும். இவ்விரு மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் 1997-இல் தொடங்கப்பட்ட சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளும் அதே களத்தில் நிற்கின்றன. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியோ அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டலப் போட்டிகளில் ஆடுகிறது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியின் பல்கலைக்கழகம் வேறு. எனவே கிருஷ்ணகிரியிலுள்ள ஒரு கலைக் கல்லூரிக்கு, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பர்கூரைவிட ராசிபுரமோ ஆத்தூரோதான் உண்மையான எதிரணி. அந்தக் களத்திலும் எல்லாக் கல்லூரிகளையும் பட்டியலில் ஏற்ற வேண்டியதில்லை. மாணவர் எண்ணிக்கை, அரசுக் கல்லூரியா தனியார் கல்லூரியா என்பது, விடுதி வசதி, மைதானம் ஆகியவற்றில் உங்களை ஒத்த ஐந்தாறு கல்லூரிகளையும், நீங்கள் எட்டிப் பிடிக்க விரும்பும் ஒன்றிரண்டு கல்லூரிகளையும் தேர்ந்தெடுத்து, அந்தப் பட்டியலை மூன்று ஆண்டுகளுக்கு மாற்றாமல் வைத்திருங்கள். தோற்ற ஆண்டில் பட்டியலை மாற்றும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

அடுத்தது, ஒவ்வொரு விளையாட்டிலும் பெற்ற இடத்தை நூற்றுக்கு இத்தனை என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. உங்களுக்குப் பின்னால் நின்ற அணிகளின் எண்ணிக்கையை, உங்களைத் தவிரக் கலந்துகொண்ட மற்ற அணிகளின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். முதலிடத்துக்கு 100, கடைசி இடத்துக்கு 0 வரும். ஆண்கள் கபடியில் 32 அணிகள் இறங்கி, உங்கள் அணி காலிறுதியில் தோற்றது என்று வைத்துக்கொள்வோம். காலிறுதியில் தோற்ற நான்கு அணிகளும் ஐந்திலிருந்து எட்டாம் இடம் வரையைப் பகிர்ந்துகொள்வதால் உங்கள் இடம் அவற்றின் சராசரியான 6.5, பின்னால் நின்றவை 25.5, அதை 31-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 82 புள்ளி. அதே ஆண்டில் பெண்கள் பூப்பந்தில் ஆறு அணிகளே வந்து, நீங்கள் இரண்டாம் இடம் பெற்றிருந்தால் ஐந்துக்கு நான்கு, அதாவது 80. மேடையில் கோப்பை வாங்கியது பூப்பந்து அணி. கணக்கில் ஒரு படி மேலே நிற்பது வெறுங்கையோடு பேருந்து ஏறிய கபடி அணி.

இந்தக் கணக்கைக் கெடுக்கும் இரண்டு சங்கதிகள் உண்டு: ஆடாமலே அடுத்த சுற்றுக்கு அனுப்பப்படும் ‘பை’, எதிரணி வராததால் கிடைக்கும் வெற்றியான ‘வாக்ஓவர்’. முதல் சுற்றில் பை கிடைத்து, இரண்டாம் சுற்றில் தோற்ற அணி ஒரு ஆட்டமும் வெல்லாமலே பதினாறு அணிகளுக்குள் வந்ததாகத் தெரியும். எதிரணி வராததால் அரையிறுதிக்குப் போன அணிகளையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே இடத்துக்குப் பக்கத்தில், களத்தில் உண்மையாக வென்ற ஆட்டங்கள் எத்தனை என்று தனியாக ஒரு நெடுவரிசை போடுங்கள். தோற்றதும் வெளியேறும் நாக்அவுட் முறையில் முதல் ஆட்டமே பின்னாளில் சாம்பியனாகப்போகும் அணியோடு அமைந்துவிடுவது குலுக்கலின் குறும்பு. கடைசி நான்கு அணிகளையும் ஒன்றோடொன்று மோதும் லீக் முறையில் ஆட வைக்கும் போட்டிகளின் முடிவைத்தான் நான் கூடுதலாக நம்புவேன்.

அணியே அனுப்பாத விளையாட்டை என்ன செய்வது? கபடியை மட்டும் ஆடி முதலிடம் பெறும் கல்லூரிக்குச் சராசரி 100 வரும். பன்னிரண்டு விளையாட்டுகளில் இறங்கும் கல்லூரி 60-இல் நிற்கும். இவற்றில் எது நல்ல துறை? இதற்கு, அமெரிக்கக் கல்லூரிகளில் எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்து வழங்கப்படும் டைரக்டர்ஸ் கப் ஒரு வழி காட்டுகிறது. அங்கே அமெரிக்கக் கால்பந்தானாலும் நீச்சலானாலும் தேசிய சாம்பியனுக்கு 100 புள்ளிதான். பல விளையாட்டுகளின் புள்ளிகளை ஒரு வரம்பு வரை கூட்டுவார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளில் அணி வைத்திருந்த ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 1994-95 முதல் 2018-19 வரை தொடர்ந்து 25 ஆண்டுகள் அந்தக் கோப்பையை வைத்திருந்தது. நாம் இரண்டு எண்களை எழுதினால் போதும்: இறங்கிய விளையாட்டுகளின் சராசரி ஒன்று, பல்கலைக்கழகம் நடத்தும் எல்லா விளையாட்டுகளையும் எடுத்துக்கொண்டு, இறங்காதவற்றுக்குச் சுழியம் போட்ட சராசரி மற்றொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே துறையின் அகலத்தைக் காட்டிவிடும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இதைத் தனித்தனியாகப் போட வேண்டும். சேர்த்துப் போட்டால் பெண்கள் அணி இல்லாத குறை அந்தச் சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும்.

தடகளத்துக்கு இடம் மட்டும் போதாது. அங்கே நேரமும் தூரமும் இருக்கின்றன. வென்றவரின் நேரத்துக்கும் உங்கள் மாணவரின் நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஆண்டுதோறும் குறித்து வாருங்கள். ஸ்டாப்வாட்ச்சில் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. துப்பாக்கிப் புகையைக் கண்டு கை பொத்தானை அழுத்தச் சற்றுத் தாமதமாவதால் கைநேரம் குறைவாகவே விழும். 100, 200 மீட்டருக்கு 0.24 நொடியும் 400 மீட்டருக்கு 0.14 நொடியும் கூட்டிக்கொள்வது வழக்கம். மழைக்குப் பிந்தைய மண் தடத்தில் ஓடிய நேரத்தைச் செயற்கை இழைத் தடத்து நேரத்தோடு வைத்து மாணவரை மட்டம் தட்டுவதும் தவறு.

பதக்கங்களை மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாலாயிரம் பேர் படித்தாலும் நானூறு பேர் படித்தாலும் கபடிக் களத்தில் ஏழு பேர்தான் நிற்க முடியும்; வகுத்தால் சிறிய கல்லூரி செயற்கையாக உயர்ந்துவிடும். ஒத்த அளவுள்ள கல்லூரிகளோடு ஒப்பிடுவதே போதுமானது.

இதைவிட முக்கியமான நெடுவரிசை ஒன்று உங்கள் தாளில் இருக்க வேண்டும். அதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. வந்த ஆட்டக்காரர் எத்தனை பேர், வளர்த்த ஆட்டக்காரர் எத்தனை பேர்? விளையாட்டு ஒதுக்கீட்டில், பள்ளியிலேயே மாநில அளவில் ஆடிய மாணவர்களைச் சேர்த்து, விடுதியும் உணவும் கொடுக்கும் கல்லூரி வெல்வது பாராட்டுக்குரியதுதான். அதில் பாதிப் புகழ் அந்தப் பள்ளி ஆசிரியருக்குச் சேரும். பென்னாகரத்துக்கு அப்பாலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ வந்து, மாலையில் ஊர்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால் பயிற்சிக்கு முக்கால் மணி நேரமே கிடைக்கும் மாணவி, கல்லூரிக்கு வந்த பிறகு முதன்முதலாக ஈட்டியைத் தொட்டு மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால், அது முழுக்க உங்கள் துறையின் வேலை. சேரும்போதே ஒவ்வொருவரின் முந்தைய விளையாட்டு அனுபவத்தை ஒரு வரியில் எழுதி வைத்தால், பின்னர் இதைப் பிரித்துப் பார்க்க முடியும்.

இளநிலைப் படிப்பு மூன்றாண்டு என்பதால் மூன்று ஆண்டுகளில் அணி முழுவதும் மாறிவிடுகிறது. எனவே ஓர் ஆண்டின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாமல் ஒவ்வோர் ஆண்டும் கடைசி மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொள்ளும் நகரும் சராசரியைப் பாருங்கள். போட்டியே நடக்காத ஆண்டைச் சுழியமாக்காமல் வெறுமையாக விடுங்கள். கொரோனாவால் 2019-20-இல் டைரக்டர்ஸ் கப்பும் வழங்கப்படவில்லை.

படிப்பையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அமெரிக்காவில் உதவித்தொகை பெறும் ஆட்டக்காரர் ஒவ்வொரு பருவத்திலும் கல்லூரியில் நீடித்தால் ஒரு புள்ளி, படிப்புத் தகுதியோடு இருந்தால் ஒரு புள்ளி என்று அணிக்கு 1000-க்குக் கணக்கிடுகிறார்கள். 930-க்குக் கீழே இறங்கும் அணி பருவ இறுதிப் போட்டிகளில் ஆடும் உரிமையை இழக்க நேரிடும். அரியர் இல்லாமல் அடுத்த பருவத்துக்குப் போனவர் எத்தனை பேர், படிப்பை இடையில் விட்டவர் எத்தனை பேர் என்று நாமும் எழுதலாம். ஓ.டி. (போட்டிக்காக வகுப்புக்கு வராமலிருக்கும் அனுமதி) வாங்கிக்கொண்டு மைதானத்திலேயே மூன்று ஆண்டுகளைக் கழித்துப் பட்டம் பெறாமல் போன மாணவரை நான் அறிவேன். அவர் வாங்கித் தந்த கேடயம் இன்றும் அலமாரியில் இருக்கிறது.

தகவல் திரட்டுவது கடினமில்லை. போட்டி நடத்தும் கல்லூரியின் ஃபிக்ஸ்சர் தாளை (யார் யாரோடு ஆடுவது என்ற அட்டவணையை) அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கிடைக்காது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழுவுக்கான விவரங்களை இதோடு கலக்க வேண்டாம். அங்கே குழு விளையாட்டில் கிடைத்த விருது ஒன்றாகவே எண்ணப்படும் என்பதால், அந்தத் தாளில் கபடி அணி முழுவதற்கும் ஒரு வரிதான். நீங்கள் எழுதும் தாளைக் கல்வியாண்டு முடிந்த கையோடு, ஜூனில் சேர்க்கை தொடங்கும் முன்பே முதல்வரிடம் கொடுத்துவிடுங்கள்; எந்த விளையாட்டுக்குப் புதிதாக அணி அமைப்பது, எதற்குப் பந்தும் வலையும் வாங்குவது என்பதை அப்போதுதான் அதைப் பார்த்து முடிவு செய்ய முடியும்.